வெட்டாத மரத்துக்குக் கூலி

கேள்வி: பிரேசில் காட்டைக் காப்பதற்கு நார்வே பணம் கொடுக்கிறதாமே! காட்டைக் குத்தகைக்கு எடுத்துக்கொள்கிறார்களா?
– ஒரு வாசகி, போடிநாயக்கனூர்

பதில்: குத்தகை இல்லை, சகோதரி. அந்தக் காட்டில் ஒரு பிடி மண்ணுக்குக்கூட நார்வே உரிமை கொண்டாட முடியாது. வெட்டாமல் விட்ட மரத்துக்குக் கூலி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

புவி சூடாவதைக் குறைக்க நாடுகள் செய்துகொண்ட 1997 கியோட்டோ உடன்பாட்டின்படி, வளரும் நாடுகள் புதிதாக மரம் நட்டால் பணம் பெற வழி இருந்தது. நிற்கிற காட்டைக் காத்தால் ஒன்றும் கிடையாது. இந்த அநியாயத்தை 2005 மாண்ட்ரியல் காலநிலை மாநாட்டில் பாப்புவா நியூ கினியாவும் கோஸ்டாரிகாவும் எழுப்பின. 2008இல் பிரேசில் அமேசான் நிதியத்தைத் தொடங்கியது. நூறு கோடி டாலர் வரை தருவதாக நார்வே முன்வந்தது.

கணக்கு எளிது. ஒரு ஹெக்டேர் காட்டில் 100 டன் கரி (கார்பன்) இருப்பதாகக் குறைத்தே மதிப்பிட்டார்கள். எரிந்தால் அது சுமார் 367 டன் கரியமில வாயு. டன்னுக்கு 5 டாலர். ஆக, அழியாமல் தப்பிய ஒரு ஹெக்டேருக்கு 1,835 டாலர். எவ்வளவு அழிந்தது என்பதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பிரேசிலின் விண்வெளி ஆய்வு நிறுவனம் ஆண்டுதோறும் அளக்கிறது. முந்தைய ஆண்டுகளின் சராசரியைவிட எவ்வளவு குறைந்ததோ, அதுதான் தப்பியது என்று கணக்கு. 2004இல் 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் அழிந்தது. 2012இல் சுமார் 4,600தான். இந்தப் பணம்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். நிதியம் வருவதற்கு முன்பே சோதனைகளும் அபராதங்களும் கடுமையாகியிருந்தன.

2019இல் புதிய அரசு நிதியத்தின் குழுக்களைக் கலைத்தது. நார்வேயும் ஜெர்மனியும் பணத்தை நிறுத்தின. பணம் கொடுத்த நாடுகளால் அதற்குமேல் அதிகம் செய்ய முடியவில்லை. காட்டைக் காத்தே தீர வேண்டும் என்று ஓர் அரசைக் கட்டாயப்படுத்த இந்த ஏற்பாட்டில் வழி இல்லை. 2021இல் அழிவு 13,000 சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. 2023இல் நிதியம் மீண்டும் உயிர்பெற்றது. மறு ஆண்டு அழிவு சுமார் 6,300ஆக இறங்கியது.

என் அப்பா குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டியவர். விடியும் முன்பே போய், பட்டையைச் சாய்வாகச் சீவி, வழியும் பாலைச் சிரட்டையில் பிடிப்பார். கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கினாலும் மரம் புண்ணாகிவிடும் என்பார். ரப்பர் மரத்தின் தாய்வீடு அமேசான். அங்கும் பால் வெட்டிப் பிழைப்பவர்கள், மாட்டுப் பண்ணைக்காக மரம் அறுக்க வந்தவர்களுக்கு எதிரே குடும்பத்தோடு வரிசையாக நின்று மறித்தார்கள். அவர்களின் தலைவர் சிக்கோ மென்டிஸ் 1988 டிசம்பரில் தன் வீட்டின் பின்வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1990இல் அவர் பெயரில் ஒரு காட்டுப் பகுதி ஒதுக்கப்பட்டது. அங்கே பால் வெட்டலாம், பிரேசில் கொட்டை பொறுக்கலாம். காட்டை அழித்துப் பண்ணை போடக்கூடாது.

எந்த நாடு எத்தனை கோடி அறிவித்தாலும், அதில் எவ்வளவு இவர்களின் சங்கங்களுக்கும் பழங்குடிக் கிராமங்களுக்கும் போய்ச் சேர்ந்தது என்றுதான் நான் முதலில் தேடுகிறேன்.