அம்மாவை ரீடிங்கிற்கே அழைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்து வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். வயது 74. போன வருடம் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. இப்போது குளிக்க வைக்கவும் ஆள் வேண்டும். அக்காவைப் பெருந்துறையில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். நான் இங்கிலாந்தின் ரீடிங் நகரில் நிரந்தரக் குடியிருப்பு உரிமையோடு இருக்கிறேன். அம்மாவை என்னோடு வைத்துக்கொள்ள விசா கிடைக்குமா?

பதில்: விசா இருக்கிறது, கிடைப்பதுதான் அபூர்வம். 2012 ஜூலையில் பிரிட்டன் இந்த விதிகளை இறுக்கிவிட்டது. வேலை விசாவில் இருப்பவர் பெற்றோருக்காக இதைக் கேட்கவே முடியாது. நீங்கள் கேட்கலாம்.

முதலில், குளிக்க, உடுத்த, சமைக்க அம்மாவுக்கு நீண்ட காலத்துக்கு இன்னொருவர் கை வேண்டும் என்று மருத்துவர் எழுதித்தர வேண்டும். "மூட்டுவலி, சர்க்கரை" என்ற சீட்டு போதாது. நம் பக்கத்து அம்மாக்கள் மருத்துவரிடமே "எனக்கென்னங்க, நல்லாத்தான் இருக்கிறேன்" என்பார்கள். கூடவே ஒருவர் போய் உள்ளதைச் சொல்லுங்கள்.

பலர் சறுக்குவது அடுத்த நிபந்தனையில். உங்கள் பண உதவி இருந்தும் அந்தப் பராமரிப்பு இந்தியாவில் கிடைக்காது, அல்லது கட்டுப்படியாகாது என்று நிரூபிக்க வேண்டும். கோவை அவிநாசி சாலை நெடுக ஆஸ்பத்திரிகள். வீட்டோடு தங்கிப் பார்த்துக்கொள்ள ஆள் அனுப்பும் நிறுவனங்களும் உண்டு. நீங்கள் பாசத்தோடு அனுப்பும் பவுண்டே உங்களுக்கு எதிர்ச்சாட்சி ஆகிவிடும். ஆகவே எத்தனை பேர் வேலைக்கு வந்து நின்றுபோனார்கள், எந்த முதியோர் இல்லம் ஏன் மறுத்தது என்பதற்கெல்லாம் ரசீதும் கடிதமும் சேருங்கள். அம்மாவின் மனநிலையும் கணக்கில் வரும். 2017இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்றது. ஆனால் அதற்கும் நிபுணரின் அறிக்கை வேண்டும்.

அக்காவை மறைக்காதீர்கள். பொய் என்று தெரிந்தால் பத்தாண்டுத் தடை விழலாம். "கட்டிக்கொடுத்த பெண்" என்று ஒரு வரியில் முடிக்காமல், அவருடைய வேலை, வீட்டுப் பொறுப்பு, அவரால் ஏன் முடியவில்லை என்பதை அவர் கையாலேயே எழுதி வாங்குங்கள்.

பிறகு, ஐந்தாண்டுகளுக்கு அரசு உதவி கேட்காமல் பார்த்துக்கொள்வதாக நீங்கள் உறுதி தர வேண்டும். கட்டணம் 3,000 பவுண்டுக்கு மேல். மறுத்தாலும் திரும்ப வராது.

விசிட் விசாவில் அழைத்துவந்து அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்று எந்த ஏஜென்ட் சொன்னாலும் நம்பாதீர்கள். இந்த விசாவுக்கு வெளிநாட்டிலிருந்துதான் விண்ணப்பிக்க முடியும். விசிட் விசாவை விசிட்டுக்கே வைத்துக்கொள்ளுங்கள்: பொதுவாக ஒருமுறைக்கு ஆறு மாதம் வரை தங்கலாம். திரும்பிவிடுவார் என்று அதிகாரி நம்ப வேண்டும்; அடுத்தடுத்து வந்து அங்கேயே குடியிருப்பதுபோல் தெரியக்கூடாது. குளிர் குறைந்த மே மாதத்தில் அழையுங்கள். விசிட்டில் வந்தவருக்கு அரசு மருத்துவமனைச் சிகிச்சைக்குச் செலவில் 150 சதவீதம் வசூலிப்பார்கள். எனவே பழைய இடுப்பு முறிவையும் சேர்த்துக்கொள்ளும் காப்பீட்டை டிக்கெட்டுக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.