கர்ப்பிணி வெற்றிலையோடு புகையிலை போட்டால் குழந்தையைப் பாதிக்குமா?

மசக்கையில் வாய்க் குமட்டலுக்காக உங்கள் மனைவி வெற்றிலையில் கொஞ்சம் புகையிலை வைத்துப் போட ஆரம்பித்தார், இப்போது ஐந்தாம் மாதம், விட முடியவில்லை. புகை உள்ளே போகவில்லையே, குழந்தைக்கு ஒன்றும் ஆகாதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். ஆகும். புகையில்லாவிட்டாலும் புகையிலையில் உள்ள நிகோட்டின் என்ற போதைப் பொருள் உள்ளே போகத்தான் செய்கிறது.

நான் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள். கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது "புகை, மது உண்டா?" என்று கேட்டால் எல்லாப் பெண்களும் இல்லை என்றுதான் சொல்வார்கள். வெற்றிலை போடுவது அவர்கள் கணக்கில் போதைப் பழக்கமே கிடையாது. "சாப்பிட்டதும் வெத்தலை போடுவியாம்மா? அதுல என்ன வைப்ப?" என்று கேட்டால்தான் இடுப்பிலிருந்து சுருக்குப்பை வெளியே வரும். வெற்றிலை, கொட்டைப்பாக்கு, சுண்ணாம்பு டப்பா, காகிதத்தில் மடித்த போயிலை. வெற்றிலையே போடாமல் மூக்குப்பொடியைப் பல்லில் வைத்துத் தேய்ப்பவர்களும் உண்டு.

புகையிலையைக் கடவாயில் அதக்கிக்கொண்டிருக்கும்போது நிகோட்டின் வாயின் உள்தோல் வழியாக நேரே ரத்தத்தில் சேர்கிறது. கூடவே தடவும் சுண்ணாம்பு அதை இன்னும் வேகமாக உறிஞ்ச வைக்கிறது. சிகரெட் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இதுவோ அரை மணி நேரம்கூட வாயில் கிடக்கும். ரத்தத்தில் கலந்த நிகோட்டின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகிறது. கருப்பைக்குப் போகும் ரத்தக் குழாய்களையும் சுருக்குகிறது. குழந்தைக்கு வரவேண்டிய ஆக்சிஜனும் சத்தும் அந்த அளவுக்குக் குறையும்.

இதை நம் நாட்டிலேயே பார்த்திருக்கிறார்கள். மும்பையில் 1217 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2004இல் வெளிவந்தது. அங்கே பெண்கள் பெரும்பாலும் மிஷ்ரி என்ற கருக்கிய புகையிலைப் பொடியைப் பல்லில் தேய்ப்பார்கள், நம் ஊர் பொடி மாதிரிதான். புகையிலை பயன்படுத்திய தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 105 கிராம் எடை குறைந்து, ஆறு நாள் முன்னதாகப் பிறந்தன. குழந்தை இறந்தே பிறக்கும் அபாயம் இரண்டரை மடங்குக்கும் மேல் என்று அதே குழுவினர் பிறகு கண்டார்கள்.

நூறு கிராம் என்ன பெரிய எடை என்று தோன்றும். நம் பக்கம் நிறையக் குழந்தைகள் இரண்டரை கிலோ கோட்டை ஒட்டித்தான் பிறக்கின்றன. 2.55 ஆக இருக்கவேண்டியது 2.45 ஆகிவிட்டால் அது எடை குறைந்த குழந்தைக் கணக்கில் சேர்ந்துவிடும். அப்படிப்பட்ட குழந்தைக்கு உடம்பு சீக்கிரம் சில்லிடும், பாலைச் சப்பி இழுக்கத் தெம்பு இருக்காது, தொற்றும் எளிதில் வரும். "பிள்ளை சின்னதா இருந்தா சுகப்பிரசவம்" என்று சொல்கிற கிழவிகளிடம் நான் நிறைய வாதாடியிருக்கிறேன். "நான் போயிலை போட்டே நாலு பெத்தேன்" என்பார்கள். சரி, அந்த நாலும் பிறந்தபோது யார் எடை போட்டுப் பார்த்தார்கள்?

புகையிலையை மட்டும் எடுத்துவிட்டுப் பாக்கைத் தொடரலாமா என்றால், அதுவும் வேண்டாம். பாக்கில் உள்ள அரிகோலின் என்ற ரசாயனமும் குழந்தைக்குப் போகும். பாக்கே புற்றுநோய் தரும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருக்கிறது. வெறும் வெற்றிலை என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

ஐந்தாம் மாதம் என்றால் இன்னும் நேரம் இருக்கிறது. குழந்தை எடை போடுவது பெரும்பாலும் கடைசி மூன்று மாதத்தில்தான். விட்ட முதல் சில நாள் தலைவலி, எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் வரும், திட்டாதீர்கள். போடணும் போல் இருக்கிற அந்தச் சில நிமிடங்களைத் தாண்ட சோம்பு, ஏலக்காய், நெல்லிக்காய்த் துண்டு ஏதாவது வாயில் இருக்கட்டும். நிகோட்டின் சூயிங்கம்மை நீங்களாக வாங்கிக் கொடுக்க வேண்டாம், டாக்டரைக் கேளுங்கள். 1800-11-2356 என்ற இலவச எண்ணில் புகையிலையை விட ஆலோசனை தருகிறார்கள், தமிழிலும் பேசலாம். வீட்டில் நீங்களோ உங்கள் அம்மாவோ அதே சுருக்குப்பையைத் திறந்தால் அவரால் விட முடியாது. நீங்கள் பீடி, சிகரெட் பிடிப்பவர் என்றால் அந்தப் புகையும் இதே வேலையைத்தான் செய்யும்.

பிரசவத்துக்குப் பிறகும் திரும்பத் தொட வேண்டாம், நிகோட்டின் தாய்ப்பாலிலும் வரும். அப்படியே தொட்டுவிட்டாலும் அதற்காகத் தாய்ப்பாலை நிறுத்திப் பால் பவுடருக்கு மாறிவிடாதீர்கள். பால் கொடுப்பதை விடாமல், செவிலியரிடம் விஷயத்தைச் சொல்லச் சொல்லுங்கள்.