காலை ஏழுக்குக் கிளம்பி மாலை ஆறுக்குத் திரும்பும் வீட்டுக்கு எந்த ஸ்லோ குக்கர்?

கேள்வி: நியூ ஜெர்சி எடிசனில் இருக்கிறோம். நானும் கணவரும் காலை ஏழு மணிக்குக் கிளம்பினால், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வீடு திரும்ப ஆறாகிவிடுகிறது. பையனுக்கு ஏழு வயது, பெண்ணுக்கு மூன்று. உள்ளே நுழைந்ததுமே "பசிக்குது" என்று நிற்கிறார்கள். குறைந்த சூட்டில் மணிக்கணக்காக வேகவைக்கும் மின்சாரப் பாத்திரமான ஸ்லோ குக்கர், அதிலும் புரோகிராம் செய்யும் மாடல், வாங்கலாமா? எந்த அளவு? ஆளில்லாத வீட்டில் ஓடலாமா? ராத்திரியே எல்லாவற்றையும் போட்டு, காலையில் ஆரம்பிக்கும்படி டைமர் வைக்கலாமா? நம் சமையலுக்கு அது சரிவருமா?

பதில்: வாங்கலாம். கடைக்குப் போவதற்கு முன் ஒரு கணக்கு மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் வீட்டில் இல்லாத நேரம் பதினொரு மணி நேரம். ஆட்டுக்கறி 'லோ' என்ற குறைந்த சூட்டு நிலையில் வேக எட்டு மணி நேரம் போதும். மிச்சம் மூன்று மணி நேரம் என்ன ஆகும்? குமிழைத் திருப்பும் சாதாரண மாடலில் அது பாட்டுக்குக் கொதித்துக்கொண்டே இருக்கும். கறி நார் நாராகி, குழம்பு ஓரமெல்லாம் கருகிவிடும். புரோகிராம் மாடல் நீங்கள் வைத்த நேரம் முடிந்ததும் தானாகவே, சூடு ஆறாமல் மட்டும் பார்த்துக்கொள்ளும் 'வார்ம்' நிலைக்கு இறங்கிவிடும். நீங்கள் கூடுதல் பணம் கொடுப்பது இந்த ஒரு வசதிக்குத்தான். சூப்புக்கு ஒரு பொத்தான், சிக்கனுக்கு ஒரு பொத்தான், போனில் ஒரு ஆப் என்று இருப்பதற்கெல்லாம் கொடுக்க வேண்டாம்.

நாலு பேருக்கு நாலு க்வார்ட் (கிட்டத்தட்ட நாலு லிட்டர்) சரியான அளவு. ஸ்லோ குக்கரில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை நிரம்பியிருந்தால்தான் ஒழுங்காக வேகும். ஒரு கிலோ கறி, வதக்கிய வெங்காயம் தக்காளி, இரண்டு உருளைக்கிழங்கு போட்டால் நாலு க்வார்ட் பாதிக்கு வந்துவிடும். அதையே ஆறு க்வார்ட்டில் போட்டால் அடியில் கொஞ்சமாகக் கிடந்து காய்ந்துபோகும். இரண்டு நாளுக்குச் சேர்த்துச் சமைப்பவர் என்றால் மட்டும் ஆறு எடுங்கள்.

டைமர் விஷயத்தில் கண்டிப்பாகவே சொல்கிறேன், வேண்டாம். 4 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரைதான் கிருமிகள் வேகமாகப் பெருகும். கறி, கோழி, பால் எதுவானாலும் அந்தச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. ராத்திரி பத்துக்குப் போட்டுக் காலை ஏழுக்கு ஆரம்பித்தால் ஒன்பது மணி நேரம் வெளியில் கிடந்திருக்கும். அப்புறம் வெந்துவிடுமே என்று தோன்றும். ஆனால் சில கிருமிகள் விட்டுப்போகும் நச்சு வேகவைத்தாலும் போகாது. மூன்று வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் இந்த விஷப்பரீட்சையே கூடாது.

அதற்குப் பதில் ராத்திரி அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வெங்காயம், தக்காளி, மசாலாவை வதக்கி ஒரு டப்பாவில். குக்கரில் வெங்காயம் சிவக்கவே சிவக்காது, அதனால் இந்த வேலையைத் தட்டிக்கழிக்க முடியாது. கழுவிய கறி இன்னொரு டப்பாவில், காய் தனியாக. மூன்றும் ஃபிரிட்ஜுக்குள். குக்கருக்குள் இருக்கும் பீங்கான் பாத்திரத்தை மட்டும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், குளிர்ந்த பீங்கான் சூடேற நேரமாகும், விரிசலும் விடலாம். காலை ஆறுக்கு எழுந்ததும் கிழங்கை அடியில் போட்டு, மேலே கறி, மசாலா, அரை கப் தண்ணீர். மூடி 'ஹை'யில் வைத்துவிட்டு டிபன் பாக்ஸ் கட்டப் போய்விடலாம். கிளம்பும்போது 'லோ'வுக்கு மாற்றி எட்டு மணி நேரம் என்று வையுங்கள். மூன்று மணிக்கு அது 'வார்ம்' ஆகிவிடும். ஆறுக்கு நீங்கள் வந்து சோறு வைத்தால் போதும். ஃப்ரீசர் கறி என்றால் முந்தின நாளே ஃபிரிட்ஜில் இறக்கி உருகவிடுங்கள், கட்டியாகப் போடக் கூடாது.

ஆளில்லாமல் ஓடவிடுவது பற்றிய பயம் நியாயமானது. ஆனால் இந்தச் சாதனம் பிறந்ததே அதற்காகத்தான். 1940இல் இதற்குக் காப்புரிமை பெற்ற இர்விங் நாக்ஸன், லிதுவேனிய யூத வீடுகளில் ஓய்வுநாளுக்காக வெள்ளி சாயங்காலமே பேக்கரி அடுப்பின் மிச்சச் சூட்டில் வைத்துவிடும் 'சோலன்ட்' என்ற கறிக்குழம்பு பற்றித் தன் தாய் சொன்னதிலிருந்துதான் யோசனை பிடித்தார். இழுப்பதும் 200, 300 வாட்தான். சுவர் சாக்கெட்டில் நேராகச் செருகுங்கள், எக்ஸ்டென்ஷன் வயர் வேண்டாம். வயர் மேடையிலிருந்து தொங்காமல் பாருங்கள், பாப்பா கை நீட்டினால் எட்டும்.

கரண்ட் போனால் மட்டும் கவனம் தேவை. ஒரு கோடைகாலப் புயல் நாளில் நான் வீடு திரும்பியபோது, குக்கரில் மணி காட்டும் இடம் வெறும் கோடுகளாக மினுக்கிக்கொண்டிருந்தது. பாத்திரம் இளஞ்சூடாக இருந்தது, பாயா கமகமவென்று மணந்தது. எப்போது நின்றது என்று கண்டுபிடிக்க வழியில்லை. ஆறு ஆட்டுக்காலையும் குப்பையில் கொட்டினேன். மனசு கேட்கவில்லைதான், ஆனால் மணத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. நீங்களும் கொட்டிவிடுங்கள்.

நம் சமையலில் பாயா, ஆட்டுக்கறிக் குழம்பு, தால்சா, கொண்டைக்கடலை, எலும்பு ரசம் எல்லாம் இதில் அருமையாக வரும். கோழி என்றால் தொடைக்கறி எடுங்கள், நெஞ்சுக்கறி எட்டு மணி நேரத்தில் சக்கையாகிவிடும். மீன், சோறு இரண்டும் வேண்டவே வேண்டாம். சாம்பாருக்குப் புளியைக் காலையிலேயே கரைத்து ஊற்றாதீர்கள். புளிப்பில் பருப்பு வேகாது. எனக்கு முதல் தடவை சாயங்காலம் வரை பருப்பு பருப்பாகவே கிடந்தது. தேங்காய்ப்பால், தயிர் கடைசி அரை மணி நேரத்தில் சேருங்கள், முன்னாலேயே விட்டால் திரிந்துவிடும். தாளிப்பு எப்போதும் தனியாக, பரிமாறும் முன்.

ராஜ்மாவை மட்டும் நேராக இதில் போடவே கூடாது. அதிலுள்ள லெக்டின் என்ற நச்சு 'லோ' சூட்டில் அழியாது, அரைவேக்காட்டில் இன்னும் கூடுகிறது. நாலைந்து கொட்டை போதும், சில மணி நேரத்தில் வாந்தி எடுக்க வைத்துவிடும். ஐந்து மணி நேரமாவது ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டி, புதுத் தண்ணீரில் அடுப்பில் அரை மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டு, அப்புறம் குக்கருக்கு மாற்றுங்கள்.

வாங்கி வந்ததும் முதல் சனிக்கிழமை ஒரு சோதனை செய்யுங்கள். பாதி தண்ணீர் ஊற்றி, 'லோ'வில் எட்டு மணி நேரம் வைத்து, மூடியைத் திறந்தவுடன் சமையல் தெர்மாமீட்டரை விட்டுப் பாருங்கள். 85 முதல் 93 டிகிரிக்குள் இருந்தால் நல்ல குக்கர். அதற்கு மேலே போனால் கொஞ்சம் சூடு அதிகம், ஒரு மணி நேரம் குறைத்து வையுங்கள். 85க்குக் கீழே என்றால் அதில் கறி வைக்க வேண்டாம், கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதுவரை பில்லையும் அட்டைப்பெட்டியையும் தூக்கிப் போடாதீர்கள்.