அமெரிக்கால ஒரு கவுன்ட்டில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) "துறைவாரியா வேலை கூடுச்சு, குறைஞ்சுச்சு"ன்னா என்ன அர்த்தம்?

சிம்பிளா சொன்னா ஒவ்வொரு துறையிலயும் போன வருஷம் எத்தனை வேலை இருந்துச்சு, இப்ப எத்தனை இருக்குன்னு பாக்குற வித்தியாசம் தான்.

அமெரிக்கால பிட்ஸ்பர்க் இருக்குற அலெகேனி கவுன்ட்டிய எடுத்துக்கோங்க. அங்க ஹோம்ஸ்டெட் ஸ்டீல் ஆலைல இரண்டாம் உலகப் போர் சமயத்துல சுமார் 15,000 பேர் வேலை பாத்தாங்க, 1986ல மூடிட்டாங்க, இப்ப அந்த இடத்துல ஷாப்பிங் சென்டர், ஓரமா 12 புகைபோக்கி மட்டும் வரிசையா நிக்குது. ஸ்டீல் வெளியூருக்கு விக்கிற சரக்கு, அதனால இறக்குமதி மலிவா வந்ததும் அடி விழுந்துச்சு. வேலை போனதும் இளவட்டம் ஊரைவிட்டு கிளம்பிருச்சு, வயசானவங்க தங்கிட்டாங்க, அப்போ ஆஸ்பத்திரி வேலை ஏறத்தானே செய்யும்? பிட்ஸ்பர்க்ல ஸ்டீல் கம்பெனி பேர்லயே இருக்குற யூ.எஸ். ஸ்டீல் டவர்ங்கிற கட்டடத்து உச்சில இப்ப யூபிஎம்சி ஆஸ்பத்திரி குழுமத்தோட பேர் தான் பெருசா தொங்குது, இதுக்கு மேல புள்ளிவிவரமே வேணாம்னு தோணும் எனக்கு.

டவுன் பஸ் மாதிரி தான் இது. ஒரு ஸ்டாப்ல 30 பேர் இறங்கி 32 பேர் ஏறினா கண்டக்டர் கணக்குல 2 பேர் கூடுதல், ஆனா உள்ள பாதி முகம் புதுசு. மொத்த நம்பர மட்டும் பாத்தா இது தெரியவே தெரியாது, அதான் துறைவாரியா பிரிக்கிறாங்க.

நிறைய பேர் குழப்பிக்கிறது என்னன்னா, 500 வேலை கூடுச்சுன்னா உள்ளூர்ல 500 பேருக்கு வேலை கெடச்சிருச்சுன்னு நினைக்கிறாங்க, அப்படி இல்ல, சம்பளப் பட்டியல வச்சு எண்ணுறது வேலைய தான், ஒரே ஆள் ரெண்டு எடத்துல வேலை பாத்தா ரெண்டுன்னு தான் வரும், பக்கத்து கவுன்ட்டிலருந்து வந்து போறவரும் இதுல சேத்தி.