20, 21, 29 ஏன் வரவில்லை?

வணக்கம். செங்கோண முக்கோணத்தின் பக்கங்களாக அமையும் மூன்று முழு எண்களைக் கண்டுபிடிக்கும் உங்கள் முறையில் 20, 21, 29 ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். ஒற்றைப்படை எண்ணின் வர்க்கத்தை அடுத்தடுத்த இரண்டு எண்களாகப் பிரிக்கும் உங்கள் முறை (7² = 49 = 24 + 25, அதாவது 7, 24, 25) சரிதான். ஆனால் கர்ணத்துக்கும் (மிக நீளமான பக்கம்) மற்ற ஒரு பக்கத்துக்கும் வித்தியாசம் 1 ஆக உள்ள பிதாகரஸ் மும்மைகளை (இப்படிப் பக்கங்களாக அமையும் மூன்று முழு எண்களை) மட்டுமே அது தரும். 20, 21, 29-இல் வித்தியாசங்கள் 9, 8.

யூக்ளிட் காலத்துச் சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள். அ, ப இரண்டு முழு எண்கள், அ பெரியது: அ² − ப², 2×அ×ப, அ² + ப². 5, 2 போட்டால் 21, 20, 29 வந்துவிடும்.

கர்ணத்திலிருந்து 2×அ×ப-ஐக் கழித்தால் (அ − ப)² கிடைக்கும், எப்போதும் வர்க்க எண்! உங்கள் முறையில் அ, ப அடுத்தடுத்த எண்கள், அதனால்தான் 1. மற்றப் பக்கத்தைக் கழித்தால் 2×ப².

9, 12, 15 இதில் நேராக வராது. 3, 4, 5-ஐ மூன்றால் பெருக்கிக்கொள்ளுங்கள்.