வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஆய்வகம் எங்கே?

கேள்வி: நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கிறோம். 12 வயது மகளும் 9 வயது மகனும் இரண்டு ஆண்டுகளாகப் பள்ளிக்குச் செல்லாமல் வீட்டிலேயே படிக்கிறார்கள். மொழியும் கணக்கும் நன்றாகவே போகின்றன. அறிவியல்தான் கவலையாக இருக்கிறது. நான் வணிகவியல் படித்தவள். 'ஆய்வகம் இல்லாமல் என்ன அறிவியல்?' என்று நாத்தனார் கேட்கும்போது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. புதுச்சேரியில் ஞாயிறுதோறும் நடக்கும் ஒரு ரோபாட்டிக்ஸ் வகுப்பில் இருவரையும் சேர்க்க ஆண்டுக்கு 60,000 ரூபாய் கேட்கிறார்கள். மாதிரி வகுப்பில் பிள்ளைகள் பூட்டிய கார் ஓடியது. ஆனால் வீட்டுக்கு வந்த பிறகு இருவரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சேர்க்கலாமா? பத்தாம் வகுப்பில் செய்முறைத் தேர்வை இவர்களால் எழுத முடியுமா?
— ஒரு தாய், கடலூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

இப்போதைக்குச் சேர்க்க வேண்டாம் என்பதே என் கருத்து. ரோபாட்டிக்ஸ் கூடாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்திலேயே ஒரு முக்கியமான செய்தி இருக்கிறது: கார் ஓடியது, பிள்ளைகள் அதைப் பற்றிப் பேசவில்லை. தாமே கையால் செய்து, முதலில் ஓடாமல் போய், காரணத்தைத் தேடிக் கண்டுபிடித்து ஓட வைத்த ஒன்றைப் பற்றிப் பேசாத பிள்ளையை நான் பார்த்ததில்லை. எண் போட்ட பாகங்களைப் படத்தில் உள்ளபடி பூட்டினால் கார் ஓடத்தான் செய்யும். அதில் பிள்ளைகள் கண்டுபிடிக்க எதுவும் மிச்சமிருக்காது.

ஒரு வகுப்பு நல்லதா என்று தெரிந்துகொள்ள, பின்வரிசையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ஒரு பிள்ளை செய்தது வேலை செய்யாதபோது ஸ்க்ரூடிரைவர் யார் கைக்குப் போகிறது? ஆசிரியர் வாங்கித் திருகிச் சரிசெய்து கொடுத்துவிட்டால், அன்று அறிவியல் பயின்றவர் அவர்தான். 'எது வரைக்கும் மின்சாரம் வருகிறது என்று பார்த்தாயா?' என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த மேசைக்கு நகர்ந்தால், அந்த வகுப்புக்குப் பணம் கட்டலாம்.

இதே சோதனையை உங்கள் வீட்டிலும் செய்து பார்க்கலாம். அதற்கு மின்மோட்டாரைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தெரியவில்லை. மோட்டார் வைண்டிங் கடையில் கேட்டால் எனாமல் பூசிய செம்புக் கம்பி இரண்டு மீட்டர் கிடைக்கும். அதைப் பெரிய டார்ச் செல்லின் மேல் பத்துப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றிக் கழற்றினால் வளையம் தயார். அதன் இரு முனைகளும் எதிரெதிராக நேராக நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். செல்லின் இரு முனைகளிலும் முனைக்கு ஒன்றாக ஊக்கை வைத்து, சைக்கிள் டியூபிலிருந்து வெட்டிய ரப்பர் வளையத்தால் இறுக்கி, ஊக்குகளின் கண்களில் கம்பி முனைகளைச் செருகி, பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த காந்தத்தை வளையத்தின் கீழே வைத்தால் மோட்டார் முடிந்தது. ஆனால் அது சுற்றாது. எனாமல் மின்சாரத்தைத் தடுக்கிறது என்பதை உங்கள் மகள் கண்டுபிடித்து, இரு முனைகளையும் உப்புத்தாளால் முழுக்கச் சுரண்டுவாள். அப்போதும் வளையம் துடிக்கும், முன்னும் பின்னும் ஆடும், ஆனால் சுற்றாது. ஒரு முனையை முழுக்கவும், மறு முனையை மேல்பாதி மட்டும் சுரண்டிக் கீழ்ப்பாதியில் எனாமலை விட்டுவைத்தும் செய்தால்தான், விரலால் லேசாகச் சுண்டியதும் அது நிற்காமல் சுழலும். வளையம் அரைச்சுற்றுத் திரும்பியதும் காந்தத்தின் விசை எதிர்த்திசையில் தள்ளத் தொடங்குகிறது; அந்த அரைச்சுற்றில் மின்சாரம் துண்டிக்கப்பட்டால், வந்த வேகத்திலேயே வளையம் தாண்டிப் போய்விடுகிறது. இதை நீங்கள் முன்கூட்டிச் சொல்லிவிடக் கூடாது. ஆடிக்கொண்டிருக்கும் வளையத்தை இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருக்கும் உரிமை அவளுக்கு வேண்டும். பள்ளியின் 40 நிமிடப் பாடவேளையில் அந்த இரண்டு நாள் கிடைக்காது. உங்கள் வீட்டில் கிடைக்கும். வளையம் சுற்றாமல் நிற்கும்போது மட்டும் செல்லை இணைப்பிலேயே விட்டுவைக்க வேண்டாம், கம்பியும் செல்லும் சூடாகிவிடும்.

சிறியவனுக்குத் தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் போதும். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்த அரவிந்த் குப்தா, 1972-இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் பகுதியில் தொடங்கிய அறிவியல் கற்பித்தல் திட்டத்தோடு இணைந்து பணியாற்றியபோது, கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறை அது. டியூப் துண்டின் இரு பக்கமும் குச்சியைச் செருகி முக்கோணம் செய்தால் அது அசையாது, சதுரம் சாய்ந்துவிடும். மூலைக்கு மூலை சற்று நீளமான ஒரு குச்சி வைத்ததும் சதுரமும் நின்றுவிடும். பிறகு அவனைச் செல்போன் கோபுரத்தின் அடியில் கொண்டுபோய் நிறுத்துங்கள்; எத்தனை முக்கோணம் என்று அவனே எண்ணத் தொடங்குவான்.

நீங்கள் வணிகவியல் படித்தவர் என்பது இதற்கெல்லாம் தடையே இல்லை. விடை தெரியாத பெரியவர் பக்கத்தில் இருந்தால் பிள்ளைகள் சோதனையிடம்தான் விடை கேட்டாக வேண்டும். கைவேலை நுணுக்கம் தேவைப்படும் இடத்தில் ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள். வைண்டிங் கடைக்காரரும், கடலூர் முதுநகரில் படகு எஞ்சின் பழுது பார்ப்பவரும், சைக்கிள் கடைப் பெரியவரும் தம் தொழிலை ஆழமாக அறிந்தவர்கள். கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேட்டுக்கொண்டு போங்கள், அவர்கள் செலவிடும் நேரத்துக்குத் தயங்காமல் பணம் கொடுங்கள். 60,000 ரூபாயில் ஒரு சிறு பகுதி அவர்களுக்குப் போய்ச் சேர்ந்தால் அது மிக நல்ல செலவு.

வீட்டில் படிக்கும் பிள்ளைகளுக்கு உண்மையில் குறைவது கருவிகள் அல்ல, எதிர்க்கேள்வி கேட்கும் கூட்டாளிகள். அம்மா அப்பா பாராட்டிவிடுவார்கள். தம்பி அக்கா சொன்னதை நம்பிவிடுவான். 'நான் அளந்தபோது அப்படி வரவில்லையே' என்று சொல்ல இன்னொரு பிள்ளை வேண்டும். ஆகவே வகுப்பைத் தேடும் முன், கடலூரிலும் புதுச்சேரியிலும் ஆரோவில் பக்கத்திலும் வீட்டுக்கல்வியில் இருக்கும் குடும்பங்களைத் தேடுங்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகளையும் சனிக்கிழமைகளில் சேர்த்துக்கொள்ளலாம். ஐந்தாறு பேர் போதும். வாரம் ஒரு புதுச் சோதனை என்று ஓடாமல், ஒரே கேள்வியோடு ஒன்றரை, இரண்டு மாதம் இருங்கள்.

எந்தக் கேள்வி என்று யோசிக்கிறீர்களா? நம் கடற்கரையே கையில் இருக்கிறது. 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. நம் கரையோரத்தில் மணல் ஆண்டு முழுவதும் இடம்பெயர்ந்துகொண்டே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தெற்கே போனாலும், மொத்தக் கணக்கில் வடக்கு நோக்கித்தான் நகர்கிறது. சுவர்கள் அதை மறித்ததும் தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே நகரத்தின் கடற்கரை அரிக்கப்பட்டு, அலை மோதும் கற்குவியல்தான் மிஞ்சியது. பின்னர் 2018-இல் தலைமைச் செயலகத்தின் எதிரே கடலுக்கடியில் செயற்கைத் திட்டு ஒன்றை தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் அமைத்த பிறகு, அந்தப் பகுதியில் மீண்டும் மணற்கரை உருவானது.

இதை ஒரு தொட்டியில் செய்து பார்க்கலாம். மூன்றடி நீளமுள்ள ஆழம் குறைந்த பிளாஸ்டிக் தொட்டியில் ஒரு நீளப் பக்கமாக மணலைச் சரிவாக அணைத்து, மறுபக்கம் தண்ணீர் ஊற்றி, ஒரு மூலையிலிருந்து பலகைத் துண்டால் சாய்வாக அலை எழுப்ப வேண்டும். அலை கரையை நேராக மோதாமல் சாய்வாக மோதினால்தான் மணல் கரையோரமாக நகரும். ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாக ஐஸ்கிரீம் குச்சிகளை நட்டு, ஒவ்வொரு 50 அலைக்குப் பிறகும் தொட்டியின் ஓரத்திலிருந்து கரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதச் சொல்லுங்கள். இரண்டு பேர் தனித்தனியாக அளக்கட்டும். இருவர் கணக்கும் ஒத்துவராது. ஒருவர் தண்ணீர் நிற்கும் இடத்திலிருந்து அளந்திருப்பார், மற்றவர் மணல் ஈரமாயிருக்கும் இடத்திலிருந்து அளந்திருப்பார். கரை எங்கே தொடங்குகிறது என்று அவர்களே வாதாடி ஒரு முடிவுக்கு வந்து, அதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவைத்த பிறகுதான் அளவுகள் பயன்படும். இந்த வாதம் நடக்கும்போது தயவுசெய்து குறுக்கிடாதீர்கள். நான் மேலே கூட்டாளிகள் வேண்டும் என்று சொன்னதே இதற்காகத்தான்.

பிறகு கூழாங்கற்களால் ஒரு சுவரை மணலிலிருந்து தண்ணீருக்குள் நீட்டி, மீண்டும் அலை எழுப்பட்டும். சுவரின் ஒரு பக்கம் மணல் ஏறும், மறுபக்கம் கரை உள்வாங்கும். உள்வாங்கிய இடத்தைக் காப்பாற்ற இன்னொரு சுவர் வைப்பார்கள். அரிப்பு அதற்கடுத்த இடத்துக்குப் போகும். இதையெல்லாம் தொட்டியில் பார்த்து முடித்த பிறகே அவர்களை வீராம்பட்டினத்துக்கும், பிறகு அதே நாளில் புதுச்சேரிக் கடற்கரைச் சாலைக்கும் அழைத்துச் செல்லுங்கள். முதலிலேயே அழைத்துச் சென்றால் அது சுற்றுலாவாகிவிடும்.

அடுத்த கேள்விக்கு நெய்வேலி இருக்கிறது: பழுப்பு நிலக்கரிப் படுகைக்குக் கீழே நிலத்தடி நீர் அழுத்தத்தோடு இருப்பதால், சுரங்கத்தில் அந்த நீரை இடைவிடாமல் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. ஒரு பாட்டிலும் தெளிவான டியூபும் இருந்தால் அந்த அழுத்தத்தை வீட்டிலேயே உண்டாக்கிப் பார்க்கலாம். இன்னொரு கேள்வி வானத்தில் இருக்கிறது: ஏப்ரல் 21, ஆகஸ்ட் 21 ஆகிய தேதிகளை ஒட்டிய நாள்களில் நம் பகுதியில் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருவதால், செங்குத்தாக நட்ட குச்சிக்கு நிழலே விழாது. அது 12 மணிக்கு நிகழாமல் பத்துப் பதினைந்து நிமிடம் தாமதித்து நிகழ்வது ஏன் என்று உங்கள் மகள் தேடினால், இந்திய நேரம் கிழக்கே 82.5 பாகைத் தீர்க்கரேகையைக் கொண்டு கணக்கிடப்படுவதை வந்தடைவாள். வெள்ளிக் கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க எட்டு ஆண்டுகள் இந்தப் பக்கத்துக் கடல்களிலும் நாடுகளிலும் காத்திருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீலுக்கு, 1769-இல் இதே புதுச்சேரியில் மேகம் மறைத்துவிட்டது. எனவே ஒரே நாளை நம்பாமல், முன்னும் பின்னுமாக ஒரு வாரம் நிழலை அளக்கச் சொல்லுங்கள். மழை நாளுக்கு லாஸ்பேட்டையில் உள்ள அப்துல் கலாம் அறிவியல் மையமும் கோளரங்கமும் இருக்கின்றன.

பாதுகாப்பில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். வீட்டு மின்சாரப் பிளக்கில் எந்தச் சோதனையும் வேண்டாம். எல்லாம் டார்ச் செல்லிலேயே நடக்கட்டும். பழைய செல்போன் பேட்டரியைப் பிரிக்கவோ குத்தவோ விடக் கூடாது. கழிவறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒருபோதும் கலக்கக் கூடாது, குளோரின் வாயு வரும். சால்டரிங் (உலோகத்தை உருக்கிக் கம்பிகளைப் பற்றவைப்பது) செய்ய 12 வயது போதும், ஆனால் பெரியவர் ஒருவர் கூடவே இருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஈயம் கலந்த சால்டரைத் தொட்ட கையைச் சாப்பிடும் முன் கழுவ வேண்டும்.

தேர்வைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு இணையான தேர்வை 14 வயது முடிந்தவர்கள் எழுதலாம். அறிவியலைத் தேர்ந்தெடுத்தால் செய்முறைத் தேர்வும் உண்டு, ஒதுக்கப்படும் கல்வி மையத்தில் அதற்கான வகுப்புகளுக்குச் செல்ல வேண்டும். தமிழ்நாட்டுப் பாடத்திட்டத்தில், பள்ளியில் சேராமல் தனித்தேர்வராக எழுதுவதென்றால், அறிவியல் செய்முறைக்கு 25 மதிப்பெண். அதற்கான பயிற்சிக்கு மாவட்டக் கல்வி அலுவலகத்தில் முன்கூட்டியே பெயரைப் பதிவு செய்து, ஒதுக்கும் பள்ளியில் வகுப்புக்குப் போக வேண்டும். இந்தப் பதிவைத் தவறவிடுவதுதான் பெரிய ஆபத்து, சோதனைகள் அல்ல. அளந்து, எழுதி, ஒத்துவராத அளவுக்குக் காரணம் தேடிப் பழகிய பிள்ளைக்கு அங்கே கொடுக்கப்படும் சோதனைகள் புதிதாக இருக்கலாம், பயமாக இருக்காது. மகளுக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருப்பதால், எந்த வழி என்பதை அடுத்த ஆண்டுக்குள் முடிவு செய்தால் போதும்.

ஆறு மாதம் இப்படிப் போன பிறகு, 'அலையை நாங்கள் கையால் எழுப்பினால் ஒரே சீராக இல்லை, ஒரு இயந்திரம் வேண்டும்' என்று பிள்ளைகளே கேட்கக்கூடும். ரோபாட்டிக்ஸ் வகுப்புக்கு அதுவே சரியான நேரம். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்த என்ன கற்க வேண்டும் என்ற கேள்வியோடு அவர்கள் அங்கே போவார்கள். அப்போது மகளை மட்டும் சேருங்கள். ஆண்டுத் தொகையை மொத்தமாகக் கட்டாமல் மூன்று மாதத்துக்கு மட்டும் கட்ட அனுமதிப்பார்களா, பாகங்கள் அடங்கிய கிட்டை வீட்டுக்குக் கொண்டுபோக விடுவார்களா, ஓர் ஆசிரியருக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேளுங்கள். கிட் வகுப்பிலேயேதான் இருக்கும் என்றால், அந்தப் பணத்தில் மின்சாரத்தை அளக்கும் ஒரு மல்டிமீட்டரும், சால்டரிங் அயர்னும், மோட்டாரைக் கட்டுப்படுத்தும் நிரலை ஏற்றக்கூடிய சிறிய மைக்ரோகன்ட்ரோலர் பலகை ஒன்றும் வாங்கி உங்கள் சனிக்கிழமைக் குழுவின் நடுவில் வைத்துவிடுங்கள்.