கடல்ல எப்பவுமே சத்தம்தானேன்னு கேக்கறவருக்கு

கேள்வி: கப்பல், சோனார் (தண்ணிக்குள்ள ஒலி அனுப்பி நீர்மூழ்கியை தேடற கருவி) சத்தத்தால திமிங்கலம் சாகுதுன்னு போன இதழ்ல எழுதியிருந்தீங்க. கடல் எப்ப சார் அமைதியா இருந்துச்சு? அலை, புயல், இடி எல்லாம் சத்தம்தானே. நீலத் திமிங்கலம் கத்தறதே 180 டெசிபலுக்கு மேல, ஜெட் விமானத்தை விட அதிகம். நம்ம மாவட்டத்து மணப்பாட்டுல 2016ல திமிங்கலம் கூட்டமா கரை ஒதுங்குச்சுன்னா 1973லயும்தான் ஒதுங்குச்சு. இதுக்காக கப்பலை எல்லாம் நிறுத்திட முடியுமா?
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பதில்: மணப்பாடு விஷயத்துல நீங்க சொல்றது சரி. 1973 ஜனவரியில 147 பைலட் திமிங்கலம், 2016 ஜனவரியில எண்பதுக்கும் மேல, ரெண்டுக்கும் சத்தம்தான் காரணம்னு யாரும் நிரூபிக்கல, அதனால நானும் சொல்ல மாட்டேன். அந்த இனம் கூட்டத்தை விட்டு பிரியாது, ஒண்ணு வழி தவறினா மத்ததும் பின்னாடியே வந்துடும், மீனவங்க பாடுபட்டு கடலுக்குள்ள இழுத்து விட்டதுல பலது திரும்பியும் கரைக்கே வந்துச்சு. ஆனா அந்த ரெண்டு சம்பவத்தை வச்சுக்கிட்டு சத்தத்தால பாதிப்பே இல்லைன்னு முடிக்கறீங்க பாருங்க, அதை ஒத்துக்கவே முடியாது.

முதல்ல அந்த ஜெட் கணக்கு. தண்ணிக்குள்ள அளக்கற டெசிபலும் காத்துல அளக்கற டெசிபலும் வேற வேற அளவுகோல், தண்ணி கணக்குல சுமார் 62 கழிச்சாதான் காத்து கணக்கோட ஒப்பிடவே முடியும். இதை சொல்லாம நெட்ல சுத்தற ஒப்பீடு எல்லாமே தப்பு.

அடுத்தது ஸ்பெயினோட கேனரி தீவுகள். 2002 செப்டம்பர்ல அங்க கடற்படை பயிற்சி நடந்துச்சு, சோனார் ஆரம்பிச்சு சுமார் நாலு மணி நேரத்துல அலகுத் திமிங்கலங்க கரைக்கு வர ஆரம்பிச்சுது, மொத்தம் 14. அறுத்து பாத்தப்போ ரத்தக்குழாய்ல, உறுப்புகள்ல வாயுக் குமிழும் கொழுப்பு அடைப்பும் இருந்துச்சு, ஆழத்துலேருந்து அவசரமா மேல வர்ற டைவருக்கு வருமே அந்த மாதிரி பாதிப்பு. கிட்டத்தட்ட 3000 மீட்டர் வரைக்கும் முங்கக்கூடிய இனம் சார் இது, வாழ்க்கையே ஆழத்துலதான், அதுக்கே இந்த கதின்னா பயத்துல அது முங்கற முறையே கெட்டுப் போச்சுங்கறதுதான் விஞ்ஞானிங்க சொல்ற முக்கியமான விளக்கம். 2004ல ஸ்பெயின் அந்த தீவுகளை சுத்தி சோனாருக்கு தடை போட்டுச்சு. அதுக்கு முன்னாடி பல தடவை கூட்டமா ஒதுங்கின அதே கரையில தடைக்கு அப்புறம் அது நடக்கவே இல்லைன்னு ஆய்வாளருங்க 2013ல எழுதினாங்க. அலையும் இடியும் தடைக்கு அப்புறமும் இருந்துக்கிட்டுதானே இருக்கு? பஹாமாஸ் தீவுகள்ல 2000 மார்ச்ல 17 கடல் பாலூட்டிங்க ஒதுங்கினப்போ, சோனார்தான் காரணமா இருக்க வாய்ப்புன்னு அமெரிக்க கடற்படையே தன்னோட அறிக்கையில ஒத்துக்கிச்சு.

ஆனா செத்து ஒதுங்கறது மட்டும்தான் பாதிப்புன்னு நினைச்சுடாதீங்க, உயிரோட இருக்கறதுங்க படற பாடுதான் பெரிய விஷயம், அது நம்ம கண்ணுக்கு தெரியாது. கல்யாண மண்டபத்துல ஸ்பீக்கர் பக்கத்துல உக்காந்து பக்கத்து ஆள்கிட்ட பேசிப் பாத்திருப்பீங்கல்ல, அந்த நிலைமை அதுங்களுக்கு ஆயுசு முழுக்க. கலிபோர்னியா பக்கம் ஒரே இடத்துல 1960கள்லயும் 2003-04லயும் அளந்து பாத்தாங்க, கப்பல் சத்தம் இருக்கற தாழ்ந்த அலைவரிசையில 10லேருந்து 12 டெசிபல் கூடியிருந்துச்சு. 10 டெசிபல் கூடினா சத்தத்தோட சக்தி பத்து மடங்கு. பெரிய திமிங்கலங்க ஒண்ணையொண்ணு கூப்பிடறதும் அதே அலைவரிசையிலதான்.

2001 செப்டம்பர் 11க்கு அப்புறம் கனடாவோட ஃபண்டி வளைகுடாவுல நடந்ததை நான் யார்கிட்டயும் சொல்லாம இருக்கறதில்ல. அப்போ அங்க ரைட் வேல்னு ஒரு அரிய இனத்தோட சாணத்தை சேகரிச்சுக்கிட்டு இருந்தாங்க, மிதக்கற சாணத்தை மோப்பம் பிடிக்க நாயை பழக்கி படகுல கூட்டிட்டு போற ஆய்வுக்குழு அது. தாக்குதலுக்கு அப்புறம் கப்பல் போக்குவரத்து திடீர்னு குறைஞ்சுது, தண்ணிக்குள்ள சத்தம் 6 டெசிபல் இறங்குச்சு, கூடவே அந்த சாணத்துல இருந்த மன அழுத்த ஹார்மோனும் இறங்குச்சு. அடுத்தடுத்த வருஷம் அதே சீசன்ல எடுத்ததுல அந்த இறக்கம் இல்ல. அப்படின்னா மத்த நாள் எல்லாம் அதுங்க அழுத்தத்துலயேதான் இருந்திருக்கு, அதை நாம சாதாரண நிலைன்னு நினைச்சுக்கிட்டு இருந்திருக்கோம்!

கப்பலை நிறுத்த சொல்றீங்களான்னு கேட்டீங்க. இல்ல, மெதுவா ஓட்ட சொல்றேன். கப்பல் போடற சத்தத்துல பெரும்பங்கு புரொப்பல்லர்லேருந்து வருது, அது வேகமா சுத்தறப்போ தண்ணியில குமிழ் உண்டாகி உடையுது, அந்த உடையற சத்தம்தான். வேகம் குறைஞ்சா குமிழ் குறையும், எண்ணெய் செலவும் குறையும். கனடாவோட வான்கூவர் துறைமுகம் 2017லேருந்து ஹாரோ நீரிணையில இதை செஞ்சு காட்டிட்டு இருக்கு, அங்க சால்மன் மீன் பிடிச்சு வாழற ஓர்கா (கில்லர் வேல்) கூட்டத்துல எழுபத்தி சொச்சம்தான் மிச்சம், அதுங்களுக்காக கப்பல்காரங்க தாங்களா முன்வந்து வேகத்தை குறைக்கறாங்க, சத்தம் குறைஞ்சதையும் அளந்து பாத்துட்டாங்க. பிளாஸ்டிக்கை இன்னைக்கு நிறுத்தினாலும் போட்டது நூறு வருஷம் கிடக்கும், சத்தம் அப்படி இல்ல, இன்ஜினை அணைச்ச நிமிஷமே போயிடும். சர்வதேச கடல்சார் அமைப்பு 2014ல வழிகாட்டுதல் போட்டு 2023ல திருத்தி எழுதினாங்க, ஆனா அதை கடைப்பிடிக்கணும்னு கட்டாயம் இல்ல. அதை கட்டாயம் ஆக்கணும், புதுசா கட்டற கப்பலுக்காவது உடனே. கங்கையில சரக்குப் படகு விடறப்பவும் இதே வேக வரம்பை வைக்கணும், ஏன்னா அங்க இருக்கற டால்பினுக்கு கண்ணு கிட்டத்தட்ட தெரியாது, வழி தேடறது, இரை பிடிக்கறது எல்லாமே காதை நம்பித்தான்.